முதலில் குடிசைகள், அப்புறம்தான் பெரிய வீடு

ஃபிளோரிடா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், செயின்ட் ஜான்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஃபோர்ட் ஜார்ஜ் என்றொரு தீவு இருக்கிறது. ஜாக்சன்வில் நகரத்தின் எல்லைக்குள்தான் வருகிறது என்றாலும், நகரத்தின் சத்தம் அங்கே எட்டாது. பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் குறுகலான காட்டுச்சாலை. இரண்டு பக்கமும் பெரிய ஓக் மரங்கள், அவற்றிலிருந்து சடை சடையாகத் தொங்கும் சாம்பல் நிறப் பாசி. காடு விலகி வெளிச்சம் வரும்போது முதலில் கண்ணில் படுவது பங்களா அல்ல. கூரையில்லாத சின்னச் சின்னச் சுவர்கள். சாலையின் இடப்பக்கமும் வலப்பக்கமும், வில்லை வளைத்து வைத்ததுபோல, வரிசையாக நிற்கின்றன. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் குடிசைகள் அவை. அவற்றைக் கடந்து இன்னும் ஏறக்குறைய 1,000 அடி போனால்தான், ஆற்றங்கரையில், முதலாளியின் வீடு.

இதுதான் கிங்ஸ்லி தோட்டம். அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் கையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தென்மாநிலங்களில் பழைய தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையே விசித்திரமாக இருக்கும். மற்ற இடங்களில் பெரிய வீடு முதலில், அதன் தூண்கள், படிக்கட்டு, சரவிளக்கு, பூந்தோட்டம். அப்புறம் நேரமிருந்தால், ஓரமாக ஒரு குடிசை. இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டால், பதிலின் பாதி சிப்பியில் இருக்கிறது. மீதிப் பாதி, தானே அடிமையாக விற்கப்பட்டுப் பிறகு அடிமைகளை வைத்திருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். தமிழில் தோட்டம் என்றதும் பலருக்கு வாழையும் கத்தரியும்தான் நினைவுக்கு வரும். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்குள் லயமும் கங்காணியும் துரை பங்களாவும் இருப்பது தெரியும். இந்தக் கட்டுரையில் வருவது இரண்டாவது வகைத் தோட்டம். இரண்டுக்கும் சரித்திரத் தொடர்பும் உண்டு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் 1834-இல் அடிமைமுறை ஒழிந்ததும் மொரீஷியஸ் போன்ற இடங்களின் கரும்புத் தோட்டங்கள் ஆளில்லாமல் தவித்தன. அந்த இடத்தை நிரப்பத்தான் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கூலிக்கு ஒப்பந்தம் என்று ஒரு காகிதமாவது இருந்தது. அமெரிக்கத் தெற்கில் மனிதர்தான் சொத்து. அவர் பெற்ற பிள்ளையும் பிறக்கும்போதே சொத்து.

தென்மாநிலங்களில் பெரிய வீடுகளே மிஞ்சியதற்குக் காரணம் எளிமையானது. அடிமைக் குடிசைகளைப் பெரும்பாலும் மரத்தில் கட்டினார்கள்: மண்ணில் நேரடியாக நட்ட கம்பங்கள், இடைவெளியில் களிமண், பலகைக் கூரை. அந்த ஈரத்துக்கும் கரையானுக்கும் அவை தாங்கவில்லை. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின் பலவற்றை இடித்துப் பலகையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரிய வீட்டுக்கு மட்டும் பராமரிக்க ஆள் இருந்தது, அழகு இருந்தது, கொஞ்சநாளில் அதைக் காட்டிச் சம்பாதிக்கும் வழியும் வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே உள்ள மக்னோலியா தோட்டம் போர் முடிந்த சில வருடங்களிலேயே, 1870-களின் தொடக்கத்தில், தன் பூந்தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நெல் விளைவித்துக் கொடுத்த அடிமைகள் விடுதலையாகிவிட்டார்கள். இனிப் பூ காட்டித்தான் பிழைக்க வேண்டும். இப்படித் தொடங்கியதுதான் தோட்டச் சுற்றுலா.

அது கடைசியில் கல்யாண மண்டபத்தில் வந்து நின்றது. வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் மணமக்கள் படம் எடுத்துக்கொள்வது தெற்கில் பெரிய வியாபாரம். 2019 இறுதியில் பின்டரெஸ்ட் உள்ளிட்ட சில இணைய நிறுவனங்கள் தோட்டக் கல்யாணங்களை முன்னிறுத்துவதைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தன, வியாபாரம் நின்றுவிடவில்லை. லூசியானாவில் நாட்டோவே என்ற மாளிகை ஒன்று இருந்தது. 1859-இல் ஒரு கரும்பு முதலாளி கட்டியது. 53,000 சதுர அடி, தெற்கில் மிஞ்சியிருந்த அக்கால மாளிகைகளில் மிகப் பெரியது என்ற பெயர் அதற்கு. அந்த முதலாளியிடம் 155 அடிமைகள் இருந்தார்கள். பிற்காலத்தில் அது விடுதியாகவும் கல்யாண இடமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 2025 மே 15-ஆம் தேதி தீப்பிடித்து எரிந்துபோனது. சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் கண்ணீர், இன்னொரு பக்கம் கொண்டாட்டம். ஒரே கட்டடத்தைப் பார்த்து ஒருவருக்கு அழுகையும் இன்னொருவருக்குச் சிரிப்பும் வருகிறது என்றால், இவ்வளவு வருடங்களாக அங்கே வந்துபோனவர்களுக்கு என்ன காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, சிப்பிக்கு வருவோம்.

கிங்ஸ்லியின் குடிசைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தால், அது கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை. சாம்பல் வெள்ளைக் கலவைக்குள் முழுமுழுச் சிப்பி ஓடுகள். சில குப்புற, சில மல்லாக்க, சில பாதி உடைந்து விளிம்பை நீட்டிக்கொண்டிருக்கின்றன. சின்ன வயதில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் புதிதாக எதுவும் இருக்காது. சிப்பியைச் சூளையில் சுட வேண்டும். சுட்டதைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்போடு மணல், தண்ணீர், சுடாத முழுச் சிப்பி எல்லாவற்றையும் கலந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கொட்டி இடிக்க வேண்டும். இன்றைக்குக் கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடிக்கிறோமே, அதேதான். ஒரு வரிசை இறுகியதும் பலகையைப் பிரித்து மேலே ஏற்றி அடுத்த வரிசை. கூர்ந்து பார்த்தால் ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு சுவரில் இப்போதும் தெரியும். இதற்கு டாபி என்று பெயர். கரோலினா, ஜார்ஜியா, ஃபிளோரிடாக் கடற்கரையில் கல் கிடையாது. சிப்பிக்குப் பஞ்சமே இல்லை.

இவ்வளவு சிப்பிக்கு எங்கே போனார்கள்? கடலில் இறங்கிப் பிடித்தது மட்டுமல்ல. ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்த திமுக்குவா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி தின்று ஓட்டைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல்கள் சிறு குன்றுகளாகவே கிடந்தன. தோட்டக்காரர்கள் அவற்றை வெட்டி அள்ளினார்கள். ஆக, குடிசைச் சுவரில் நாம் தொட்டுப் பார்ப்பது பழங்குடியினர் என்றோ சாப்பிட்டுப் போட்ட மிச்சம். அதைச் சுட்டு, இடித்து, ஊற்றியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். நிலம் பறிபோனவர்களின் மிச்சமும் கடத்தி வரப்பட்டவர்களின் உழைப்பும் ஒரே சுவரில் இறுகிக் கிடக்கின்றன. மரத்தில் கட்டியிருந்தால் இதில் ஒன்றும் இன்றைக்கு இருந்திருக்காது.

மொத்தம் 32 குடிசைகள் இருந்தன. இருபதுக்கும் மேற்பட்டவற்றின் எச்சம் இன்று நிற்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு அறை; ஒன்றில் அடுப்பு, புகைபோக்கி. சில குடிசைகள் மட்டும் கொஞ்சம் பெரியவை. வேலை வாங்குகிறவர்களுக்கு உரியவை அவை. அந்த மேஸ்திரிகளும் அடிமைகளே. தன் ஆட்களிடமே வேலை வாங்கி மேலே கணக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பதவியின் சங்கடம், கங்காணி என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு விளக்காமலேயே புரியும்.

தீவில் விளைந்தது பருத்தி. அதிலும் கடல்தீவுப் பருத்தி என்ற உயர்ந்த ரகம். நீண்ட இழை, பட்டுப்போல மென்மை. இங்கிலாந்து ஆலைகளில் மெல்லிய துணிக்கும் லேஸ் பின்னலுக்கும் இதற்கு நல்ல விலை. ஆனால் எலி விட்னி 1793-இல் கண்டுபிடித்த பற்சக்கர இயந்திரம் இந்த இழையை அறுத்துவிடும். அதனால் கடற்கரையை விட்டு உள்ளே விளைந்த பருத்தியெல்லாம் இயந்திரத்துக்குப் போன காலத்திலும், இந்தத் தீவுகளில் இரண்டு உருளைகளுக்கு நடுவே பஞ்சைக் கொடுத்துக் கொட்டையைப் பிரிக்கும் பழைய முறையே தொடர்ந்தது. இழை உசத்தியாக இருந்ததால் கை வேலை குறையவில்லை.

வேலை வாங்கிய முறையும் இந்தக் கடற்கரைக்கே உரியது. மிசிசிப்பிப் பக்கத்தில் சூரியன் உதித்ததிலிருந்து அடையும்வரை கூட்டமாக நிறுத்தி வேலை வாங்கினார்கள். இங்கே அளவு வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 105 அடிக்கு 105 அடி நிலம். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். அதைக் கொத்தி முடித்துவிட்டால் மீதி நேரம் அவருடையது. மீன் பிடிக்கலாம், வேட்டைக்குப் போகலாம், குடிசைக்குப் பின்னால் காய்கறி போடலாம். கேட்பதற்குக் கருணைபோல இருக்கும். கொஞ்சம் யோசித்தால், முதலாளிக்குச் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்பது தெரியும். ஆகஸ்ட் வெயிலில் 25 சென்ட் கொத்தி முடித்தவர் அதற்கப்புறம் தன் குடும்பத்துக்கான சோற்றைத் தேடிப் போக வேண்டும். அதே சமயம், அந்த மிச்ச நேரத்தில்தான் அவர்கள் தங்கள் பேச்சையும் பாட்டையும் சமையலையும் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. வட கரோலினாவிலிருந்து ஃபிளோரிடாவரை நீளும் இந்தக் கரையில் கல்லா கீச்சி என்ற பண்பாடும், ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட அதன் தனி மொழியும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கரை முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது.

இப்போது அந்தப் பெண்.

செஃபனையா கிங்ஸ்லி 1765-இல் இங்கிலாந்தில் பிறந்து சார்ல்ஸ்டனில் வளர்ந்தவர். கப்பல் வியாபாரி, அடிமை வியாபாரமும் செய்தவர். 1803-இல், அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த ஃபிளோரிடாவுக்குக் குடியேறினார். 1806-இல் கியூபாவின் ஹவானா சந்தையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியை வாங்கினார். பெயர் அந்தா மஜிகீன் ஜாய். இன்றைய செனகல் நாட்டில் வோலோஃப் இனத்தில் பிறந்தவள். ஃபிளோரிடாவில் அவள் அன்னா ஆனாள். கிங்ஸ்லி அவளைத் தன் மனைவி என்றே சொல்லிக்கொண்டார். 1811-இல் அன்னாவுக்கும் அவள் பெற்ற மூன்று குழந்தைகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அப்போது அவளுக்கு 18 வயது.

இதைக் காதல் கதையாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. 13 வயதில் விலைக்கு வாங்கப்பட்டவளுக்குச் சம்மதம் என்ற ஒன்று எங்கிருந்து வரும்? ஆனால் அவளை வெறும் பலியாளாக மட்டும் எழுதிவிட்டாலும் கணக்கு இடிக்கிறது. ஏனென்றால் விடுதலையான இரண்டே வருடத்தில் அன்னா ஆற்றின் மறுகரையில் தன் பெயரில் அரசிடம் நிலம் பெற்று, வீடு கட்டி, 12 அடிமைகளையும் வைத்திருந்தாள்.

இது எப்படி நடந்தது என்று புரிய ஸ்பானிஷ் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிஷ் ஃபிளோரிடாவில் அடிமைமுறை இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆனால் அடிமை என்பது ஒருவர் விழுந்துவிட்ட நிலை, அதிலிருந்து வெளியே வர வழி உண்டு என்பது அந்தச் சட்டத்தின் பார்வை. அடிமை தன் விலையைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொள்ளலாம். விடுதலையான கறுப்பினத்தவர் நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம், ஆயுதம் ஏந்தி ஊர்க்காவல் படையில் சேரலாம். வெள்ளையர், விடுதலையான கறுப்பரும் கலப்பினத்தவரும், அடிமைகள் என்று மூன்று படி. அமெரிக்காவிலோ நடுப்படியை ஒவ்வொரு சட்டமாகப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தோல் கறுப்பு என்றால் அடிமை என்பதே பொது விதி.

1812-இல் ஜார்ஜியாவிலிருந்து அமெரிக்கர்கள் கிழக்கு ஃபிளோரிடாவைப் பிடிக்க உள்ளே புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர், வேடிக்கை என்னவென்றால், அப்போது இந்த ஃபோர்ட் ஜார்ஜ் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான ஜான் ஹூஸ்டன் மெக்கின்டாஷ். கையில் அகப்பட்ட கறுப்பினத்தவர்களையெல்லாம் பிடித்து விற்றுவிடுவது கலகக்காரர்களின் வழக்கம். 1813 நவம்பரில் அவர்கள் நெருங்கியபோது அன்னா ஸ்பானிஷ் பீரங்கிப் படகு ஒன்றின் தலைவரோடு பேசி, தன் பிள்ளைகளையும் தன் அடிமைகளையும் அதில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று கிங்ஸ்லியின் லாரல் குரோவ் வீட்டுக்குத் தீ வைத்தாள். அப்புறம் தன் வீட்டுக்கும் தானே தீ வைத்தாள். ஸ்பானிஷ் அரசு அவளுக்கு 350 ஏக்கர் நிலம் கொடுத்தது. கிங்ஸ்லி குடும்பம் 1814-இல் ஃபோர்ட் ஜார்ஜ் தீவுக்கு வந்தது இந்த அழிவுக்குப் பின்தான். தோட்டத்தின் பழைய சொந்தக்காரர் கலகம் தோற்று வெளியேறியிருந்தார்.

தீவில் அன்னா பெரிய வீட்டில் வசிக்கவில்லை. பெரிய வீடு 1790-களின் கடைசியில் கட்டியது; ஃபிளோரிடாவில் மிஞ்சியிருக்கும் தோட்ட வீடுகளில் அதுதான் பழையது. நடுவில் கூடம், நாலு மூலையிலும் நாலு அறை, கூரைமேல் ஆற்றைப் பார்க்க ஒரு மேடை. அதன் பின்னால் தனியாகச் சமையல் கட்டடம். அதன் மாடியில்தான் அன்னாவும் பிள்ளைகளும். கிங்ஸ்லிக்கு வேறு மனைவிகளும் இருந்தார்கள். மனைவிக்குத் தனி வீடு என்பது மேற்கு ஆப்பிரிக்க வழக்கம். குடிசைகள் நேர்கோட்டில் இல்லாமல் வில்லாக வளைந்திருப்பதும் ஆப்பிரிக்கக் கிராமத்தின் அமைப்பு, அன்னாவின் யோசனை என்று சிலர் சொல்வதுண்டு. எழுத்தில் ஆதாரம் கிடையாது. பெரிய வீட்டு மாடியிலிருந்து எல்லா வாசலும் கண்ணில் படவேண்டும் என்றும் அப்படிக் கட்டியிருக்கலாம். அங்கே நின்று பார்த்தால் இரண்டுமே நம்பக்கூடியதாகத்தான் தோன்றும்.

1821-இல் ஃபிளோரிடா அமெரிக்காவின் கைக்குப் போனது. கூடவே அமெரிக்கச் சட்டமும் வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்ளத் தடை, கறுப்பினத்தவருக்குச் சொத்து போய்ச்சேர முட்டுக்கட்டை, விடுதலை கொடுப்பதற்கே கட்டுப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக. இதை எதிர்த்துக் கிங்ஸ்லி 1828-இல் ஒரு சிறு நூல் அச்சடித்தார். அதைப் படித்தால் தலை சுற்றும். அடிமைமுறை நல்லது, லாபமானது, வைத்திருக்க வேண்டும் என்கிறார். அதே மூச்சில், விடுதலையான கறுப்பினத்தவருக்கு எல்லா உரிமையும் தரவேண்டும் என்கிறார். நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்காதே, அடிமையா சுதந்திரனா என்று மட்டும் பிரி என்பது அவர் வாதம். அதில் அவருடைய சொந்தக் குடும்பம் தப்பித்துவிடும், குடிசைகளில் இருந்த 60, 80 பேர் தப்ப மாட்டார்கள். அவர் வாதம் எங்கே போய் முட்டி நின்றதோ அங்கேதான் அவர் பணமும் இருந்தது.

சட்டம் இறுகியதும் 1830-களின் பிற்பாதியில் குடும்பத்தை ஹைட்டிக்கு அனுப்பினார். அடிமைமுறையை ஒழித்திருந்த கறுப்பினக் குடியரசு அது. அவர்கள் குடியேறிய இடம் இன்று டொமினிக்கன் குடியரசில் இருக்கிறது. ஃபோர்ட் ஜார்ஜ் தோட்டத்தை 1839-இல் தன் சகோதரியின் மகனுக்கு விற்றார். 1843-இல் நியூயார்க்கில் இறந்தார். உடனே அவருடைய தங்கை மார்த்தா மெக்நீல், கறுப்பினத்தவருக்குச் சொத்து எழுதிவைத்தது செல்லாது என்று வழக்குப் போட்டார். விஸ்லர் வரைந்த, கறுப்பு உடையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருக்கும் தாயின் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள்; அந்தத் தாய் இந்த மார்த்தாவின் மகள். 53 வயதில் அன்னா ஃபிளோரிடாவுக்குத் திரும்பி வந்து வழக்காடினார். ஸ்பெயினிடமிருந்து ஃபிளோரிடாவை வாங்கிய ஒப்பந்தத்தில், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த சுதந்திர மக்களின் உரிமை காக்கப்படும் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அடிமை மாநிலத்தின் நீதிமன்றத்தில் ஒரு கறுப்பினப் பெண் வெள்ளைக்கார உறவினர்களை எதிர்த்து ஜெயித்தார். ஜெயித்து வந்த சொத்தில் அடிமைகளும் அடக்கம். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லாமல் அன்னாவைப் பற்றிப் பேசவே முடியாது. பூங்காவில் அவரைப் பற்றிச் சொல்லும்போது வழிகாட்டிகளுக்கு இருக்கும் சிரமமும் இதுதான்.

போருக்குப் பின் தீவு கைமாறிக் கைமாறி, 1920-களில் பணக்காரர்களின் பொழுதுபோக்கு மன்றம் ஆனது. 1955-இல் மாநில அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. 1991-இல் தேசியப் பூங்காச் சேவைக்கு வந்தது. இதற்கிடையில் 1968-இல் சார்ல்ஸ் ஃபேர்பேங்க்ஸ் என்ற தொல்லியலாளர் இங்கே ஒரு குடிசையைத் தோண்டினார். அமெரிக்காவில் அடிமைகளின் வாழ்க்கையை அறிவதற்காகவே அவர்கள் வீட்டைத் தோண்டியது அதுதான் முதல் தடவை என்று அந்தத் துறையில் சொல்வார்கள். அதுவரை தோட்டங்களில் தோண்டியதெல்லாம் பெரிய வீட்டின் அஸ்திவாரமும் பீங்கான் தட்டுகளும்தான். ஃபேர்பேங்க்ஸ் தேடியது ஆப்பிரிக்க அடையாளங்களை. மீன் முள், வேட்டையாடிய விலங்குகளின் எலும்பு, உடைந்த பாத்திரம் எல்லாம் கிடைத்தன. ஆப்பிரிக்கா என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் சிக்கவில்லை.

ஏறக்குறைய 40 வருடம் கழித்து, 2006-இல், ஃபிளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டேவிட்சன் மாணவர்களோடு மறுபடி வந்து தோண்டத் தொடங்கினார். ஒரு குடிசையின் தரைக்கு அடியில் ஒரு கோழி, முழுசாக, எலும்பு கலையாமல் புதைந்திருந்தது. கூடவே ஒரு முட்டை. தின்றுவிட்டுப் போட்ட எலும்பு அல்ல. யாரோ உட்கார்ந்து, குழி வெட்டி, வைத்து மூடியது. புது வீட்டுக்குக் கோழி காவு கொடுக்கும் வழக்கத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் அப்படி உண்டு. கடல் தாண்டி விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, தனக்குச் சொந்தமில்லாத அந்த இரண்டு அறைக்குள் வந்த ஒருவர், அதை வீடு என்று நினைத்துக் காவல் வைத்திருக்கிறார். இந்தத் தோட்டத்தைப் பற்றி நான் படித்ததில் என் மனசை விட்டுப் போகாதது அந்தக் கோழிதான்.

2010-இல் அதே குழு கல்லறைகளையும் கண்டுபிடித்தது. ஆறு பேர். இத்தனை வருடங்களாக அந்தத் தீவில் அடிமைகளை எங்கே புதைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

இப்படி உண்மையைச் சொல்லும் தோட்டங்கள் இப்போது கூடியிருக்கின்றன. லூசியானாவில் 2014 டிசம்பரில் திறந்த விட்னி தோட்டம் முழுக்க அடிமைகளின் பார்வையிலேயே சொல்கிறது. சார்ல்ஸ்டன் அருகே மெக்லியாட் தோட்டத்தை 2015-இல் மாவட்டப் பூங்காத் துறை திறந்தது. அங்குள்ள அடிமைக் குடிசைகளில் 1990 வரைக்கும் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதைக் கேட்டு வருகிறவர்கள் திகைக்கிறார்கள். எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. அழகான வீட்டைப் பார்க்க வந்தோம், அடிமை அடிமை என்று பாடம் எடுத்துவிட்டார்கள் என்று இணையத்தில் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வழிகாட்டிகள் இப்போது அடிமைகள் என்பதைக்கூடத் தவிர்த்து, அடிமையாக்கப்பட்டவர்கள் என்றுதான் பேசுகிறார்கள். அடிமை என்பது அவர் யார் என்பதல்ல, அவருக்கு என்ன செய்யப்பட்டது என்பது அந்தச் சொல்லின் நியாயம். தமிழில் அது நாக்கில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் பல இடத்தில் பழைய சொல்லே வந்திருக்கிறது.

சண்டை அரசாங்கம் வரைக்கும் போய்விட்டது. 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் போட்ட ஆணையைத் தொடர்ந்து, அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் வாசகங்கள் இருக்கின்றனவா என்று தேசியப் பூங்காக்களின் பலகைகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். கண்ணில் பட்டால் வருகிறவர்களே புகார் கொடுக்கலாம் என்றும் பூங்காக்களில் அறிவிப்பு வைத்தார்கள். கிங்ஸ்லியும் அதே சேவையின் கீழ்தான் வருகிறது. பலகையைக் கழற்றலாம், எழுத்தை மாற்றலாம். சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும் சுவர்களை என்ன செய்வது என்று அந்த ஆணையில் இல்லை.

அன்னா 1870-இல் இறந்தார். அவர் கல்லறைக்கு அடையாளக் கல் எதுவும் கிடையாது. ஆனால் வம்சம் தொடர்ந்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி மேரியை மணந்த ஏ. எல். லூயிஸ், 1901-இல் கறுப்பினத்தவருக்கான ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஃபிளோரிடாவின் முதல் கறுப்பினக் கோடீஸ்வரர்களில் ஒருவராகப் பேசப்படுகிறவர். ஜாக்சன்வில் கடற்கரைகளில் கறுப்பர்களைக் கால் வைக்க விடாத காலம் அது. 1935-இல் லூயிஸ் சற்று வடக்கே உள்ள அமீலியா தீவில் கடலோர நிலத்தை வாங்கி, அமெரிக்கன் பீச் என்று பெயர் வைத்து, தம் மக்கள் குளிக்கவும் வீடு கட்டவும் திறந்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பேத்தி மவீன் பெட்ச், ஐரோப்பாவில் ஆப்பரா பாடிக்கொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பி அந்தக் கடற்கரையைக் கட்டட நிறுவனங்களிடமிருந்து காப்பாற்றுவதிலேயே மிச்ச வாழ்நாளைக் கழித்தார். அங்கே உயரமான மணல்மேடு ஒன்று இருக்கிறது. அவர் அதற்கு நானா என்று பெயரிட்டிருந்தார். அவர் இறப்பதற்கு முந்தின வருடம், 2004-இல், அந்த மேடு தேசியப் பூங்காச் சேவையிடம் வந்துசேர்ந்தது. சிப்பிக் குடிசைகள் இருக்கும் அதே பூங்காவின் கணக்கில்தான் அதுவும் இப்போது இருக்கிறது. குடிசைகளிலிருந்து அங்கே போகக் கடலோரச் சாலையில் அரை மணி நேரம்கூட ஆகாது.